தோல் அறிந்த கைகள்

பொந்தியான் கெச்சிலில், கடலோரத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு பண்டல் கடை இருக்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் யாரோ உடுத்திக் கழித்த துணிமணிகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். வெளியே 32 பாகை வெயில். உள்ளே மின்விசிறிக்குக் கீழே நானும் மகளும் பனிநாட்டுக் கோட்டு ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். செப்டம்பரில் அவள் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகிறாள். கறுப்புத் தோல், மார்பில் இரண்டு வரிசைப் பொத்தான்கள், அகன்ற கழுத்துப்பட்டை, இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறக்கம். விலை 180 வெள்ளி.

"அப்பா, இது நல்ல தோல்தானா?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தாத்தா இருந்திருந்தால் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே சொல்லியிருப்பார்.

தாத்தா 1936-இல் ரஜூலா கப்பலில் வந்தவர். அந்தக் கப்பல் 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவர்களை மலாயாவுக்குக் கொண்டுவந்து இறக்கியது. அவருடைய ஊர் வாணியம்பாடிக்குப் பக்கம். பத்து வயதிலேயே தோல் ஷாப்பில் வேலைக்குப் போனவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை மரக்கட்டையில் விரித்துப் போட்டு, வளைந்த கத்தியால் மயிரும் சவ்வும் வழிக்கிற வேலை. தோலைத் தொட்ட கை என்று ஊர் அந்தக் கையை ஒதுக்கி வைத்திருந்தது. அவர் கப்பல் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்பா ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். இங்கே வந்து பால்மரம் வெட்டினார். பழைய தொழிலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசியதே இல்லை. அவமானத்தை இறக்கி வைத்தபோது அதோடு சேர்த்து அறிவையும் இறக்கி வைத்துவிட்டார். இரண்டும் ஒரே மூட்டையில் இருந்தன.

அந்தக் காலத் தோட்டத்தில் தோல் அரிய பொருள். மரம் வெட்டுபவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்தார்கள். கோட்டு என்றால் அது கங்காணியின் கறுப்புத் துணிக் கோட்டு. இந்த வெயிலிலும் வேட்டிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நிற்பார். லயத்து மக்களின் கைக்குத் தோல் வந்து சேர்ந்தது ஒரே வடிவில்தான்: தப்பு. மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தப்பின் முகம் தளர்ந்துவிடும். காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி அந்த அனலில் காய்ச்சுவார்கள். தாத்தா தப்படிப்பவர் அல்லர். ஆனாலும் திருவிழாவுக்கு முந்தைய நாள் கோயில் தப்பை வாங்கி, கட்டைவிரலால் நான்கு இடத்தில் அழுத்திப் பார்த்து, "இந்தப் பக்கம் வயித்துத் தோலு, இழுத்துக்கும்" என்று சொல்வாராம். அவருடைய பழைய தொழில் வெளியே தலைகாட்டிய ஒரே தருணம் அதுதான். இன்று எங்கள் பக்கத்துத் தப்புகளில் பல செயற்கை முகம் பூட்டியவை. மழையிலும் தளர்வதில்லை, தீ மூட்டவும் தேவையில்லை. ஒலி கணீரென்று கேட்கிறது. காய்ச்சும்போது எழும் அந்த வாசம் மட்டும் இல்லை.

தாத்தா வேலை பார்த்த தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைதான் மருந்து. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, வழித்து, கழுவி, முதலில் நீர்த்த பட்டைச் சாற்றிலும் பிறகு அடர்ந்த சாற்றிலுமாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். கடைசியில் கடுக்காய்ச் சாறு, அதன்பின் எண்ணெய். ஒரு தோல் முடிய ஏறக்குறைய ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேல். மங்கிய மஞ்சள் நிறத்தில் வெளிவரும் அந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுக்கு மேல்தோலாகப் போனது இதுதான். சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலைப் போர்த் துறை மொத்தமாக வாங்கிக்கொண்டது. ஆனால் அங்கிருந்து போனது பாதி முடிந்த சரக்கு. சாயம் ஏற்றுவதும் மெருகிடுவதும் வெட்டித் தைப்பதும் சீமையில் நடந்தன. ஒரே துறைமுகத்திலிருந்து தோல்கள் மேற்கே போயின, அவற்றைப் பதனிட்டவர்களில் சிலர் கிழக்கே வந்தார்கள்.

அப்போதே மாற்றமும் தொடங்கிவிட்டது. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1912-இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டிக் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். குரோமிய உப்பு போட்ட உருளைப் பீப்பாயில் தோலைச் சுழலவிட்டால், பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் நடந்தது ஒரே நாளில் முடிந்துவிடும். நீலம் பாய்ந்து வெளிவரும் அந்தத் தோல் மென்மையானது, எந்த நிறத்தையும் ஏற்கும். நன்றாகக் குரோம் ஏறிய தோல் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. பட்டைத் தோல் அதற்கு முன்பே சுருண்டுவிடும். 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1970-களில் இந்திய அரசு பாதி பதனிட்ட தோல் வெளியே போவதைக் கட்டுப்படுத்தியதும், ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் காலணியும் உடையும் தைக்கும் ஊர்களாக மாறின. மேற்கே தைத்ததை இன்று அங்கேயே தைக்கிறார்கள். அதில் பெண்கள் ஏராளம். தாத்தா காலத்தில் அவர்களுக்கு அந்த ஊரில் இப்படி ஒரு மாதச் சம்பளம் இருந்ததில்லை.

அதற்குப் பாலாறு விலை கொடுத்தது. கழிவுநீர் கலந்து கிணறுகள் கெட்டன, நெல்லும் தென்னையும் நின்ற நிலம் உவர்ந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நூற்றுக்கணக்கான தோல் ஷாப்புகள் அதற்குள் வந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆறு இன்னும் மீளவில்லை. பட்டைத் தொட்டியின் கழிவும் நாறத்தான் செய்தது, சுண்ணாம்பும் உப்பும் அன்றும் இருந்தன. ஆனால் அன்றைய அளவு வேறு.

நாங்கள் கடையில் பார்த்த கோட்டுக்கும் ஒரு பழைய வடிவம் உண்டு. கடைக்காரர்கள் பீகோட் என்கிறார்கள். நான் மாலுமிக் கோட்டு என்றே சொல்கிறேன். டச்சு மொழியில் முரட்டுக் கம்பளித் துணிக்கு இருந்த பெயர்தான் அந்த ஆங்கிலப் பெயருக்கு மூலம் என்பார்கள். கப்பல் தளத்தில் நிற்பவனுக்கு ஏற்ற உடை அது: காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மறைக்க மார்பில் இரண்டு அடுக்கு, காதுவரை நிமிர்த்திக்கொள்ள அகன்ற கழுத்துப்பட்டை, விறைத்த கையை நுழைத்துக்கொள்ள நேர்வாட்டில் கிழித்த பை. அமெரிக்கக் கடற்படையின் பழைய கோட்டுகளில் கெஜத்துக்குச் சுமார் 30 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி இருந்தது. அதே வெட்டைத் தோலில் தைப்பது பின்னால் வந்த பழக்கம். கம்பளி உடல் சூட்டைப் பிடித்து வைக்கும். தோல் காற்றை நிறுத்தும், சூட்டுக்கு உள்ளே ஒரு புறணி வேண்டும். மகளிடம் நான் முதலில் சொன்னதே அதுதான்: கோட்டைத் திருப்பி உள்பக்கம் பார்.

அடுத்தது தோல். இதை நான் மகள் கேட்டதற்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் கேட்டும் படித்தும் கற்றுக்கொண்டேன். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் சதுர அடிக்கு 70 முதல் 80 கிராம் எடை வரும். இந்த அளவுக் கோட்டில் வெட்டுக் கழிவு போக ஏறத்தாழ 30 சதுர அடி தோல் ஏறும் என்று வைத்தால், தோல் மட்டுமே 2 கிலோவுக்கு மேல். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் விரும்பும் 1.4 மில்லிமீட்டர் மாட்டுத்தோலோ குதிரைத்தோலோ என்றால் 3 கிலோ தாண்டிவிடும். இடுப்போடு நிற்கும் குட்டைச் சட்டைக்கு அந்தத் தடிமன் பொருந்தும். மார்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் மாலுமிக் கோட்டுக்குப் பொருந்தாது. முன்பக்கம் பலகை மாதிரி நிற்கும், உட்காரும்போது தாடையில் இடிக்கும். செம்மறிக் குட்டித் தோல் இதற்கு நேர் எதிர். 0.7 மில்லிமீட்டர், பட்டுப்போல் வழுக்கும். ஆனால் இரண்டு குளிர்காலத்தில் பைவாய் தொங்கிவிடும், கழுத்துப்பட்டை நிமிர்ந்து நிற்காது. எருமைத்தோலின் மேற்பரப்பு முரடு. என் கணக்கில் இந்தக் கோட்டுக்கு ஏற்றவை இரண்டே: 1 மில்லிமீட்டரை ஒட்டிய மாட்டுத்தோல், அல்லது வெள்ளாட்டுத்தோல். வெள்ளாடு எடைக்கு மிஞ்சிய பலம் கொண்டது, மேலே மணிமணியாகச் சொரசொரப்பு இருக்கும், கீறல் தெரியாது. குறை என்னவென்றால் ஒரு தோல் 4 முதல் 6 சதுர அடிதான் தேறும். கோட்டு முழுவதும் ஒட்டுத்தையல் வரும். ஒரு மாட்டுத்தோலோ 40 சதுர அடிக்கும் மேல். முதுகு முழுவதையும் ஒரே துண்டில் எடுக்கலாம்.

எதை வாங்கினாலும் மேல்தோல் முழுசாக இருக்க வேண்டும். கொசுக்கடித் தழும்பையும் முள் கீறலையும் தேய்த்து எடுத்துவிட்டு, பூச்சு பூசி, போலிச் சொரசொரப்பை அச்சிட்டு விற்கும் தோல் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். அதுதான் அதன் அடையாளம்.

இவ்வளவும் தெரிந்தபின்னும் கடையில் தொங்கியது எந்த விலங்கின் தோல் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுபடி கடைக்குப் போய், கடைக்காரரிடம் கேட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனோம். எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்துப்பட்டையின் அடிப்பக்கத்தை மடித்தார், கட்டைவிரலால் தள்ளினார், சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தார்.

"ஆடு, தம்பி. வெள்ளாடு. முதுகுல நல்லதா போட்டிருக்கான். கை அடியில பாரு, வயித்துத் துண்டு. அங்க மட்டும் இழுத்துக்கும்."

மகளின் கையைப் பிடித்து அந்த இரண்டு இடத்திலும் வைத்தார். "இங்க தொடு பாப்பா. இப்ப இங்க. வித்தியாசம் தெரியுதா?"

அவளுக்குத் தெரிந்தது. சற்றுப் பொறுத்து எனக்கும் தெரிந்தது. தாத்தா கோயில் தப்பில் தேடியதும் இதுதான் என்று அப்போது விளங்கியது. பெரியவருக்குப் பிறகு அந்த இடத்தில் உட்கார ஆள் இல்லை. பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்களாம். நல்ல வேலை என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

கோட்டை வாங்கிவிட்டோம். கடற்கரை ஊரின் ஈரத்தில் தோலை வைத்துக் காப்பது பெரிய வேலையாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும் என்பதால் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். மழை பெய்த மறுநாள் உலர்ந்த துணியால் துடைக்கிறேன். என் அம்மா ஒருநாள் அதன் கழுத்துப்பட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தப்புக் காய்ச்சும் வாசம் இதில் இல்லையே என்றார். உள்பக்கத் துணிச்சீட்டில் கொரியாவில் தைத்தது என்று மட்டும் இருக்கிறது. ஆடு எந்த ஊரில் மேய்ந்தது, தோலை எந்த ஆற்றங்கரையில் பதனிட்டார்கள் என்று எதுவும் இல்லை.

தாத்தா வந்தது ஒரு தகரப்பெட்டியோடு. மகளுக்கு விமானத்தில் 23 கிலோ அனுமதி. நேற்று நிறுத்துப் பார்த்தோம், புறணியோடு சேர்த்துக் கோட்டு 2 கிலோ 400 கிராம். பெட்டியில் வைத்தால் மடிப்பு விழும் என்று சொல்லி, கையில் போட்டுக்கொண்டே ஏறிவிடுகிறேன் என்கிறாள்.