பாடசாலை வாயிலில் போலீஸ்

அமெரிக்காவில் பாடசாலையொன்றில் துப்பாக்கிச் சூடு நிகழுந்தோறும், “வாயிலில் போலீஸாரை நிறுத்துக” என்னும் கூக்குரல் எழுகின்றது. குழந்தைகளைப் பறிகொடுத்தோர் அங்ஙனம் கேட்பதைக் குறைகூறோம். ஆயின் அனுபவம் கூறுவதென்ன? 2018-ல் ப்ளோரிடாவின் பார்க்லாண்டில் ஆயுதந் தாங்கிய பாடசாலைக் காவலர் வெளியிலேயே நின்றார். உள்ளே 17 பேர் மடிந்தனர். 2022-ல் டெக்ஸாஸின் யுவால்டியில் 376 போலீஸார் வந்து குவிந்தும், கொலைஞனை வீழ்த்த 77 நிமிஷம் சென்றது. 19 குழந்தைகளும் 2 உபாத்தியாயினிகளும் மாண்டனர். தைரியம் உத்தியோக உடுப்போடு வருவதன்று போலும்!

மற்றொரு தீங்கும் உண்டு. 2015-ல் தென் கரோலினாவில், வகுப்பைவிட்டு எழ மறுத்த மாணவியொருத்தியைப் பாடசாலைப் போலீஸ்காரர் ஆசனத்தோடு கவிழ்த்து இழுத்தெறிந்தார்; கைதானவளும் அவளே. உபாத்தியாயர் கண்டித்துத் தீர்க்கும் பிழை குற்றமாயிற்று.

யுவால்டிக் கொலைஞனோ, 18 வயது நிரம்பிய சில தினங்களில் கடையிலே சட்டப்படி துப்பாக்கி வாங்கியவன். அவ்வாயிலில் காவலெங்கே?