இரைந்த பெட்டி, இரையாத பெட்டி

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் படம் என்றால் வீட்டில் இரண்டு வி.சி.டி., சில சமயம் மூன்று. ஒரு சிடியில் 74 நிமிடப் படம்தான் கொள்ளும். நம் படங்களோ இரண்டரை மணி நேரம் ஓடுபவை. கதை சூடுபிடிக்கும் இடத்தில் திரை நின்றுவிடும், யாராவது எழுந்துபோய் அடுத்ததைப் போட வேண்டும். படத்தின் அகலம் 352 புள்ளி, உயரம் 288. அதில் முகம் தெரிந்தது. முகத்தில் ஓடியது பாதிதான் தெரிந்தது. இன்று 4கே ப்ளூரே ஒன்றைச் சுருக்காமல் கோப்பாக்கினால் 60 ஜிபி என்பது சாதாரணம். அகலம் 3840 புள்ளி. அதை அன்றைய 700 எம்பி சிடிகளில் பிரித்துப் போட்டால் 85-க்கு மேல் வேண்டும்.

சிடி அடுக்குக்கும், படங்களைச் சேர்த்துவைத்து வீட்டு நெட்வொர்க் வழியே டிவிக்குக் கொடுக்கும் இன்றைய நாஸ் பெட்டிக்கும் நடுவில் பழைய கணினிகளின் காலம் ஒன்று இருந்தது. புதியது வாங்கிய பிறகும் பழையதைக் கழித்துக்கட்ட மனம் வராது. அதில் 80 ஜிபி, 160 ஜிபி ஹார்ட் டிஸ்குகளை மாட்டி, ஒரு சிடி அளவுக்குச் சுருக்கிய படங்களைச் சேர்த்துவைப்பார்கள். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கை ஹிட்டாச்சி கொண்டுவந்ததே 2007-இல்தான். கடையில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை ஜிபி? சத்தத்தை யாரும் விசாரிக்கவில்லை. பவர் சப்ளைக்கு ஒரு விசிறி, பிராசசருக்கு ஒன்று, இவற்றோடு டிஸ்கின் ரீங்காரம். தெரு அடங்கியபின் அடுத்த அறை வரை கேட்கும். மின்சாரச் செலவும் அப்படித்தான். 80 வாட் இழுக்கும் கணினி அணையாமல் ஓடினால் ஆண்டுக்கு 700 யூனிட். இரண்டு டிஸ்க் போடும் இன்றைய பெட்டி 20 வாட் இழுத்தாலும் 175 யூனிட்டோடு நின்றுவிடும்.

கொள்ளளவு கவலை இல்லாமல் போனதும் காது விழித்துக்கொண்டது. இப்போது பெட்டி தேடுபவர் முதலில் பார்ப்பது டெசிபலை. விவரத்தாளில் 20 சொச்சம் என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இரைவது பெரும்பாலும் பெட்டி அல்ல, நாம் வாங்கி உள்ளே போடும் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுவது முனகும், அவ்வளவுதான். மிகப் பெரிய கொள்ளளவு டிஸ்குகளோ பெரும்பாலும் 7200 சுற்று, சர்வர் அறைகளை மனதில் வைத்துச் செய்தவை. படிக்கும் முனை இடம் மாறும்போதெல்லாம் கடகடக்கும். 16 டெராபைட் ஒன்றை வாங்குவதைவிட 4 டெராபைட் டிஸ்க் இரண்டை வாங்கி, ஒன்றின் நகலாக மற்றதை வைத்துக்கொள்வதே வீட்டுக்கு நிம்மதி என்பேன். 60 ஜிபி படங்களே அறுபதுக்கு மேல் அதில் கொள்ளும். ஒரு குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்கள் அதற்குள் அடங்கிவிடும்.

வைக்கும் இடமும் பாதி வேலை செய்கிறது. டிவி அலமாரியின் பிளைவுட் பலகை சிறு அதிர்வையும் பெரிதாக்கிவிடும். கீழே தடித்த ரப்பர் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். பரணில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். சித்திரையில் பரண் கொதிக்கும்போது விசிறி முழு வேகம் எடுக்கும், மிச்சப்படுத்திய சத்தம் வட்டியோடு திரும்பி வரும்.

திறன் என்ற சொல்லைக் காட்டி விற்கப்படுவதில் பாதி வீட்டுக்குத் தேவையில்லாதது. அன்று பிளேயருக்குப் பிடிக்காத கோப்பை மாற்றியெடுக்கக் கணினியை இரவெல்லாம் ஓடவிட வேண்டும். இன்று படம் ஓடும்போதே மாற்றிக்கொடுக்க, 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற 6 வாட் சில்லு போதும். அதைவிட நல்லது, எந்தக் கோப்பையும் தானே ஓட்டும் பிளேயர் ஒன்றை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது. அப்போது பெட்டிக்கு எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வேகமும் அப்படியே. 4கே கோப்பு சில காட்சிகளில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும். சாதாரண ஹார்ட் டிஸ்கே அதைப்போல் பல மடங்கு கொடுக்கும். திணறுவது டிவிதான்: விலை உயர்ந்த டிவிகள் பலவற்றிலும் கேபிள் போர்ட் இன்னும் 100 மெகாபிட்தான். அங்கே நல்ல வைஃபை கேபிளை முந்திவிடும் என்பது வேடிக்கை.

அன்று எந்தக் கணினியிலும் எந்த நிறுவனத்தின் டிஸ்கையும் மாட்டலாம். 2025-இல் நாஸ் பெட்டிகள் செய்யும் சைனாலஜி நிறுவனம் தன் புதிய பெட்டிகள் சிலவற்றில் தன்னுடைய அல்லது தான் சான்றளித்த டிஸ்குகளுக்கே இடம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே ஆண்டில் தளர்த்தியது. தளர்த்தியது நல்லது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எது போகலாம் என்று வேறொருவர் தீர்மானிக்க முடியும் என்பதும் தெரிந்துவிட்டது. இதே போன்ற கவலையால்தான் படம் காட்டும் மென்பொருளுக்கும், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஜெல்லிஃபின் போன்றவற்றைப் பலர் நாடுகிறார்கள்.

சிடி காலத்தில் பக்கத்து வீட்டில் கேட்டால் எடுத்து நீட்டினால் போதும். திரும்பி வருமா என்பது வேறு கதை. பாட்டிக்கும் போடத் தெரியும். இன்று பெட்டிக்குக் கடவுச்சொல் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அவர் வெளியூர் போன நாளில் அது ஓடவில்லை என்றால், அவர் வரும்வரை ஓடாது.

இன்னொன்றும் போய்விட்டது. அன்று டிஸ்க் கெடுவதற்கு முன் டக் டக்கென்று தட்டும். கணினி தெரியாதவர்களும் அதைக் கேட்டு ஏதோ சரியில்லை என்பார்கள். அறைக்குள் கேட்காத பெட்டியைத் தேடி வாங்கி, கேட்காத இடத்தில் வைத்தவருக்கு அந்த எச்சரிக்கை வராது. அதற்குப் பதிலாகப் பெட்டி தன்னைத்தானே சோதித்து மின்னஞ்சல் அனுப்புகிறது, பல சமயம் காதைவிட முன்னதாகவே. ஆனால் பலர் அதை வாங்கிய அன்று கொடுத்த, அதன்பின் திறக்காத முகவரிக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். கல்யாண வீடியோவும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. இரண்டு டிஸ்கும் ஒன்றுக்கொன்று நகல்தானே என்ற தைரியம், தவறுதலாக ஒருவர் அழித்துவிட்டால் உதவாது. அழித்தது அந்த நொடியே இரண்டிலும் அழிந்திருக்கும். அதற்கு, வெளியே எடுத்து வேறொரு வீட்டில் வைத்த மூன்றாவது டிஸ்க் ஒன்று வேண்டும். அது நாஸாக இருக்க வேண்டியதில்லை, இரையாததாகவும் இருக்க வேண்டியதில்லை.