யுஎஸ்பி கதவுக்குப் பின்னால் ஒரு சுற்று

வாங்க வாங்க, உள்ளே விட்டுவிட்டார்கள்! கீபோர்டைச் செருகியதும் விளக்கு எரிகிறதே, அதற்கு முன்னால் கெர்னலுக்குள் என்னென்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. போர்டுகளில் லினக்ஸ் ஏற்றுவதையே தொழிலாகக் கொண்ட தோழி ஒருவர் தன் மேசைக்கே கூப்பிட்டுவிட்டார்.

மேசையில் கை வைக்க இடமில்லை. பின்னிக்கொண்ட ஒயர்கள், பெயர் எழுதாத எஸ்டி கார்டுகள், ஆடை படிந்த டீ. நடுவில் குட்டியாக ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ. அதிலிருந்து மூன்று ஒயர்கள் லேப்டாப்புக்குப் போகின்றன. திரையில் பூட் வரிகள் கொட்டுகின்றன.

"மவுஸுக்கு வாய் உண்டுங்க, கன்ட்ரோலருக்குக் கிடையாது" என்கிறார் தோழி. செருகுகிற பொருள் தன்னைத் தயாரித்தது யார், தான் என்ன வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுகிறது. அது நுழைகிற கன்ட்ரோலரோ சிப்புக்குள் வாய் திறக்காமல் கிடக்கிறது. அதன் முகவரி எது, இன்டரப்ட் எது, க்ளாக் எது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் கெர்னலுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் குறிப்புதான் டிவைஸ் ட்ரீ. முன்பெல்லாம் ஏஆர்எம் போர்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சி கோப்பு குவிந்துகொண்டிருந்தது. 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து சத்தம் போட்ட பிறகுதான் அந்தப் பக்கம் பெரும்பாலும் இதற்கு மாறியது.

இப்போது கிட்டே வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போர்டிலேயே அந்தக் குறிப்பு கோப்புறைகளாக விரிந்து கிடக்கிறது! 'ப்ராக்' கோப்புறைக்குள் டிவைஸ்-ட்ரீ, அதற்குள் எஸ்ஓசி, அதற்குள் யுஎஸ்பி@7இ980000. ‘கம்பேட்டிபிள்’ கோப்பைத் திறந்தால் ‘பிஆர்சிஎம்,பிசிஎம்2835-யுஎஸ்பி’ என்று ஒரே வரி. முடிவில் புதுவரிக் குறிகூட இல்லாததால் அடுத்த கட்டளைக்கான ப்ராம்ப்ட் அதன் வாலிலேயே ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பெயரைப் பார்த்துத்தான் கன்ட்ரோலரை இயக்கும் டிடபிள்யூசி2 டிரைவர் "நம்ம ஆள்" என்று ஓடி வருகிறது.

உள்ளே விளையாட்டும் உண்டு. தொகுத்து முடித்த டிவைஸ் ட்ரீ கோப்பின் முதல் நான்கு பைட்டுகளை ஹெக்ஸில் பார்த்தால் டி00டிஎஃப்இஇடி. ‘டூட் ஃபீட்’ என்றே வாசிக்கலாம்! தோழி இதைக் காட்டும்போது முகமெல்லாம் சிரிப்பு.

இதற்குப் பின்னால் இருக்கும் வியர்வையைப் பார்க்க வேண்டுமானால் டிடபிள்யூசி2இன் பெரிய அண்ணனான டிடபிள்யூசி3 கன்ட்ரோலருக்கான டிவைஸ் ட்ரீ பட்டியலைத் திறக்க வேண்டும். ‘குவர்க்’ என்று முடியும் வரிகள் நீண்டுகொண்டே போகின்றன: இந்த நிலையில் இதைத் தூங்கவிடாதே, அந்த வசதியை அணைத்து வை. சிலவற்றில் அடிக்கோடு, சிலவற்றில் இணைப்புக்கோடு, ஒழுங்கே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சிப்பின் பிடிவாதமும், அதை மோப்பம் பிடித்த ஒருவரின் உழைப்பும் இருக்கின்றன.

டிரைவருக்கும் காத்திருப்பு உண்டு. சிக்னல் வேலையைப் பார்க்கும் பிஹெச்ஒய் தயாராகவில்லையா? டிரைவர் 517 என்ற பிழை எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கெர்னல் பிறகு மறுபடியும் கூப்பிடுகிறது.

கடைசியாகத்தான் வித்தை. டிவைஸ் ட்ரீயில் ‘டிஆர்_மோட்’ என்ற இடத்தில் ‘ஹோஸ்ட்’ என்றிருந்ததைத் தோழி ‘பெரிஃபெரல்’ என்று மாற்றுகிறார். பை ஜீரோவில் செருகியிருந்த கீபோர்டைக் கழற்றி, அதே துளையிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போடுகிறார். ரீபூட் ஆனதும் ஜி_ஈதர் மாட்யூலை ஏற்றுகிறார். அட! லேப்டாப்பில் புதிய நெட்வொர்க் கார்டு முளைத்துவிட்டது. இதுவரை கீபோர்டுக்கு எஜமானாக இருந்த பை ஜீரோதான் அது! ‘ஓடிஜி’ என்று மூன்றாவது வார்த்தையும் உண்டாம். கேபிளின் ஐடி பின்னைப் பார்த்து எஜமானா, ஏவலாளா என்று கன்ட்ரோலரே முடிவெடுத்துக்கொள்ளும். அதையும் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன், நகர்ந்துவிடாதீர்கள்!