கூரையைக் காத்தால் வரி கூடலாமா?

வைகாசி பிறந்தால் திருகோணமலையில் கச்சான் காற்று வீசத் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலே மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாய் மலையிறங்கி நம் கரைக்கு வந்து சேர்கிறது. இரத்தினபுரியில் குடை விரியும் அதே நாட்களிற் கன்னியாவிலும் நிலாவெளியிலும் புல் கருகுகிறது. கிடுகு வேலி கைபட்டால் நொறுங்குகிறது. அத்தகைய நாளொன்றிற் குப்பை எரித்த இடத்திலிருந்து ஒரு பொறி பறந்தால் யாது விளையும் என்பதை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர்.

நெருப்பு இந்நகருக்குப் புதியதன்று. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. அத்தீ பகைவனால் வந்தது. கச்சான் காலத்துத் தீயோ பெரும்பாலும் நம் கையாலேயே மூட்டப்படுவது. சேனை வெட்டி எரிப்போரும், வேட்டைக்காரரும், இளம்புல் முளைக்கட்டுமென்று மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைப்போருமே அதற்குக் காரணர்.

லஹைனா கற்பித்த பாடம்

ஹவாயில் மாவுயித் தீவின் லஹைனா என்னும் துறைமுக நகரமும் நம் நகரைப் போன்றதே. மலைக்கு அப்புறம் மழை; இப்புறம் வறட்சி. கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களிற் புல் மண்டிக் காய்ந்து கிடந்தது. 2023 ஆகஸ்ட் 8ஆந் திகதி காலையில், மின்கம்பியினால் மூண்ட தீ அணைந்துவிட்டதென்றே எண்ணப்பட்டது. பிற்பகலில் அது மீண்டும் கிளர்ந்து, கடுங்காற்றின் துணையுடன் நகரை விழுங்கியது. நூறு பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

இத்தகைய தீயில் வீடுகள் எவ்வாறு பற்றுகின்றன? நெடுஞ்சுவாலை வந்து வீட்டை விழுங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஜாக் கோகன் முதலியோர் கண்ட உண்மை வேறு. காற்றிலே பறந்து வரும் பொறிகளே பெரும்பாலும் வீட்டுக்குக் காலனாகின்றன. ஆதலால், வீடு பிழைப்பதும் அழிவதும் அதன் கூரையையும் அதைச் சுற்றியுள்ள சில அடி நிலத்தையும் பொறுத்தவை.

செய்ய வேண்டியவையும் எளியனவே. கிடுகுக் கூரைக்குப் பதிலாக ஓடு வேயலாம். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள துவாரங்களை மெல்லிய கம்பிவலையால் அடைக்கலாம். பீலியிற் சேரும் சருகைக் கச்சானுக்கு முன்பே அள்ளிவிடலாம். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் விறகு, பொச்சுமட்டை, காய்ந்த ஓலை ஆகியவற்றை அடுக்காதிருக்கலாம். கிடுகு வேலி சுவரைத் தொடுமானால் அது விளக்குத் திரிபோல் நெருப்பை வீட்டுக்குள் அழைத்து வரும். அவ்விடத்திற் சில அடிக்குக் கல்மதில் எழுப்புதல் நன்று. நிழல் தரும் வேம்பை வெட்ட வேண்டியதில்லை. அதன் கீழுள்ள சருகை அகற்றினாற் போதும்.

வரியின் விந்தை

இங்கேதான் ஒரு விந்தையைக் காண்கிறோம். நகரத்து வீடுகளுக்கு நாம் செலுத்தும் சோலைவரி, வீட்டின் வருடாந்தப் பெறுமதியைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அவ்வீடு ஓராண்டில் என்ன வாடகை பெறக்கூடும் என்பதே அப்பெறுமதிக்கு அடிப்படை. கடன்பட்டுக் கிடுகை நீக்கி ஓடு வேய்ந்தவரின் வீடு கூடுதலான வாடகை பெறும். ஆகவே அடுத்த மதிப்பீட்டில் அவருடைய வரியும் உயரக்கூடும். அயலாரையும் சேர்த்துக் காத்தவர் கூடுதலாகச் செலுத்துகிறார். சருகுக்கும் ஓலைக்கும் நடுவே வீட்டை விட்டிருப்பவர் குறைவாகச் செலுத்துகிறார். இதனை எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆயினும் விளைவு இதுவே.

பிற நாட்டினர் இதனைச் சிந்தித்திருக்கின்றனர். கலிபோர்ணிய மக்கள் 1984இல் வாக்களித்து, வீட்டிற் புதிதாகப் பொருத்தும் தீயணைப்புச் சாதனங்களுக்காகச் சொத்துவரி மதிப்பீட்டை உயர்த்தக்கூடாதென்று விதித்தனர். கொலராடோ மாநிலம் 2022இல் இயற்றிய சட்டம், காட்டுத்தீ அபாயத்தைக் குறைக்கச் செய்த செலவில் நான்கிலொரு பங்கை, ஓர் எல்லைக்குட்பட்டு, வருமான வரியிற் கழிக்க இடமளித்தது.

நமக்கேற்ற வழி

கழிவு என்பது நமக்கும் புதிதன்று. ஆண்டு முழுவதற்குமான சோலைவரியை ஜனவரி 31க்கு முன் செலுத்துவோருக்குப் பத்து வீதக் கழிவு கிடைக்கிறதல்லவா? முன்கூட்டிப் பணம் செலுத்துபவருக்குப் பரிசுண்டு. முன்கூட்டி வீட்டைக் காப்பவருக்கு ஏன் இல்லை? கிடுகை நீக்கி ஓடு வேய்ந்த வீட்டின் பெறுமதியைச் சில ஆண்டுகளுக்கு உயர்த்தாதிருந்தாலே போதும். சபையின் இன்றைய வருமானத்தில் ஒரு சதமும் குறையாது. வளவைத் துப்புரவாக வைத்திருப்போருக்குச் சிறு கழிவும் வழங்கலாம். டெங்கு நுளம்பைத் தேடி வளவுக்குள் வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சருகையும் விறகையும் அப்போதே பார்த்துச் சான்று தரலாம்.

ஆயினும் இச்சலுகை எல்லோருக்கும் பயன்படாது. காட்டோரத்துக் கிராமங்களிற் பல வீடுகளுக்குச் சோலைவரியே கிடையாது. கொட்டிலில் வாழும் ஏழைக்கு வரிக்கழிவால் வருவதும் ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேண்டுவது கழிவன்று, கூரைக்கு ஓடு. நகரத்தாருக்குச் சலுகையும் கிராமத்தாருக்கு உதவியும் சேர்ந்தே வருதல் நீதி.

வருமுன் காவாதவனைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர் உவமைக்கு நெருப்பையே தேடிச் சென்றார். சபையார் தீர்மானம் இயற்றும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஐந்தடி நிலத்தைக் கூட்டிவிடுங்கள். அதற்கு எந்த வரியும் இல்லை.