கேளாதார்க்கு ஈதல்

ஈகை என்னும் சொல்லைச் செவியுற்றவுடன், இரப்போர் ஒருபுறமும் கொடுப்போர் மறுபுறமும் நிற்கும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும் வறுமையுற்றோர் அனைவரும் வாய்திறந்து கேட்பதில்லை. கேட்க நாணி ஒதுங்கி நிற்போரை அறிந்து உதவுவதே இரக்கத்தின் முதிர்ந்த நிலை எனலாம்.

இஸ்லாம் ஈகையைச் செல்வரின் விருப்பத்திற்கு மட்டும் விட்டுவிடவில்லை. பொன், வெள்ளி, ரொக்கம், வணிகப்பொருள் ஆகியவை 'நிஸாப்' என்னும் வரம்பை எட்டி, ஓராண்டு ஒருவர் கைவசம் இருக்குமாயின், அவற்றில் நூற்றுக்கு 2.5 பங்கை 'ஜகாத்' ஆக வழங்குதல் கடமையாகும். அதனைப் பெறத்தக்கோர் எண்வகையினர் என்று திருக்குர்ஆன் (9:60) வகுத்துரைக்கின்றது. வறியோர், தேவையுடையோர் ஆகியோருடன் கடன்பட்டோரும் வழிப்போக்கரும் அவர்களுள் அடங்குவர். இக்கடமைக்கு அப்பால் மனமுவந்து வழங்குவது 'ஸதகா' எனப்படும்.

அளவை வரையறுத்த திருமறை, கொடுக்கும் முறையையும் கற்பிக்கின்றது. தன்மானத்தால் கேளாதிருப்போரை அறியாதார் செல்வரென்றே எண்ணிவிடுவர் என்று அது நினைவூட்டுகின்றது (2:273). கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதும் பெற்றவர் மனத்தைப் புண்படுத்துவதும் தருமத்தின் பயனை அழித்துவிடும் என்றும் எச்சரிக்கின்றது (2:264). பொருள் கைமாறினும் இரக்கம் இல்லையேல் அது ஈகையாகாது என்பதே இதன் கருத்து.

17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவரை ஆதரித்த அவரைச் சைவரான படிக்காசுப் புலவரும் போற்றிப் பாடினார். உதவி நாடி வந்தோரின் சமயத்தை அவ்வள்ளல் நோக்கவில்லை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் வழக்கு இன்றும் வழங்குகின்றது. இறந்தவர் எவரிடமும் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. நன்றியை எதிர்பாராத கொடையே உயர்ந்தது என்னும் உண்மையை இவ்வழக்கிலும் நாம் காணலாம்.

கல்லூரியில் பயிலும் நாமும் கொடுப்பதற்குச் செல்வராக வேண்டுவதில்லை. நண்பகல் உணவு வேளையில் 'பசியில்லை' என்று நாள்தோறும் நூலகத்திற்குச் செல்லும் தோழன் நம்மிடையே இருக்கலாம். தேர்வுக் கட்டணம் செலுத்தும் இறுதி நாளன்று வகுப்பிற்கு வாராத மாணவியும் இருக்கலாம். அவர்கள் கேட்கமாட்டார்கள். பிறர் அறியாவண்ணம் உணவைப் பகிர்வதும், கட்டணத்தைச் செலுத்திவிட்டு அமைதி காப்பதும் நம்மால் இயலும். அந்த உதவியால் ஒருவரது படிப்பு இடைநிற்காது; அந்த அமைதியால் அவரது மானமும் குன்றாது. இவ்விரண்டையும் காப்பதே உண்மையான ஈகையாகும்.