சக்கரத்தில் ஒரு வீடு – 6: பெட்டியா, தட்டா?

மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களால் வெள்ளவத்தையில் ஒரு புது ஆசை கிளம்பியிருக்கிறது. கெப் வாகனத்தின் முதுகில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அடங்கிய குட்டி அறை. கடற்கரையோ காடோ, நிறுத்திய இடத்தில் படுக்கை. “நம்மட ஹைலக்ஸுக்கும் இப்படி ஒன்று போட ஏலாதா?” என்று கேட்கிறார்கள். போடலாம். எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வழி இரண்டு. கெப்பின் பின்பக்கச் சரக்குத் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் அறையை ஒரு பெட்டியாக இறக்குவது முதலாவது. நான்கு மூலையிலும் ஜக் கால்கள் இருக்கும். பயணம் முடிந்ததும் கால்களை நீட்டிப் பெட்டியை நிற்கவைத்துவிட்டு, அடியிலிருந்து கெப்பை ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இரண்டாவது வழியில் தொட்டியே கிடையாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, செஸியின் மேல் தட்டையான தட்டு ஒன்றைப் பூட்டி, அறையை அதன்மேல் வைக்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்குப் பிடித்தது பெட்டி. எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1960இல் தன் நாயோடு நாட்டைச் சுற்றியது, முதுகில் அறை ஏற்றிய ஜி.எம்.சி. பிக்கப் ஒன்றில்தான். டொன் கிஹோட்டேயின் குதிரைப் பெயரை அதற்குச் சூட்டினார். கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்த வண்டி இன்றும் நிற்கிறது. ஆஸ்திரேலியர்களின் மனம் தட்டின் பக்கம் சாய்கிறது. 1934இல் ஃபோர்டுக்காக லூ பாண்ட் வடிவமைத்த ‘யூட்’ வண்டி, வார நாளில் பண்ணைச் சரக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் ஆனது. உழைக்கிற வண்டியையே உல்லாசத்துக்கும் எடுப்பது அங்கே பழைய பழக்கம்.

படத்தில் தெரியாத சங்கதி எடை. ஹைலக்ஸ் ரகக் கெப் ஏறத்தாழ ஒரு தொன் சுமக்கும். ஒரு தொன் பெரிதாகத் தெரியும், கணக்குப் போடும்வரை. அளவான பெட்டி ஒன்றுக்கு 500 கிலோ வையுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 220. தண்ணீர் 80 லீற்றர் என்றால் 80 கிலோ. வீட்டுச் சமையல் வாயு உருளையில் வாயு மட்டும் 12.5 கிலோ, இரும்பின் எடை தனி. பெரிய பற்றரி, குளிர்சாதனப் பெட்டி, உடுப்பு, அரிசி, மாமி கட்டித்தரும் பலகாரம் என்று சேர்க்கச் சேர்க்க, கொழும்பை விட்டுப் புறப்படும் முன்பே ஆயிரத்தைத் தொட்டுவிடுகிறது. பட்டா ரகச் சிறு லொறியில் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்: அதற்கு முக்கால் தொன்னே கனம்.

சுமை எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். நம் ஊரில் பெரும்பாலும் ஓடுவது டபிள் கெப். அதன் தொட்டி ஒன்றரை மீற்றர் அளவுதான். ஆள் நீட்டிப் படுக்கிற அறையை அதில் வைத்தால் பாதி பின்னால் துருத்தும். பாரம் பின் அச்சைத் தாண்டிப் போகும். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை ஏற்றியவருக்கு முன்சில்லு எப்படி ஆடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டியரிங் இலேசாகும், பெரகலை மலைப்பாதை வளைவுகளில் உச்சி சாயும், குழிகளில் விழுந்து விழுந்து செஸியே வளையும். ஆஸ்திரேலியாவில் டபிள் கெப்களின் செஸி வளைந்த கதைகள் ஏராளம். இதில் தட்டும் தப்பாது. ஆனால் தட்டில், சில்லு மூடிகளுக்கு நடுவே அறையை நெரித்துக் கட்ட வேண்டியதில்லை. பெட்டியின் தரை அந்த இடுக்கில் ஒரு மீற்றர் சொச்சமாகச் சுருங்கும். தட்டிலோ வண்டியின் முழு அகலமும் தரைதான். அகலம் கிடைத்தால் நீளத்தைக் குறைக்கலாம், பாரத்தை முன்னுக்குத் தள்ளலாம். தண்ணீரையும் பற்றரியையும் தட்டுக்கு அடியில், சில்லுக்கு முன்னால் தொங்கவிடலாம். சிங்கிள் கெப் என்றால் இன்னும் நல்லது.

பெட்டிக்காரர்களின் பெரிய பெருமை கழற்றி வைக்கலாம் என்பது. எங்கே வைப்பது? வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வாகனத் தரிப்பிடம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும். அங்கே நாலு காலில் ஓர் அறையை நிறுத்திவைத்தால் முகாமைத்துவச் சபை அடுத்த நாளே கடிதம் போடும். கழற்றாமலே வைத்திருந்தால் உயரம் கூடி, நிலத்தடித் தரிப்பிடத்தின் விட்டத்தில் இடிக்கும். ஆக, முற்றமும் வளவும் உள்ளவருக்கே பெட்டி. ஒழுங்கைக்குள் இருப்பவர் எதற்குக் காசு கொடுக்கிறாரோ அந்த வசதியே அவருக்குக் கிடைக்காது.

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. அங்கே லொறி சோறு போடுகிற சாமான். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு லொறியில் தறப்பாள் கட்டி, பாயும் பானையும் விறகும் ஏற்றிப் போய், கோவில் வளவில் நாட்கணக்கில் தங்கி வருகிற குடும்பங்களுக்கு ‘கேம்பர்’ (camper) என்று யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. திறந்த தட்டு, மடித்து இறக்கும் பக்கப் பலகை, மேலே தறப்பாள். மற்ற நாளில் அதே தட்டில் சீமெந்தும் வெங்காயமும்.

தட்டுப் பூட்டுகிற வேலையும் நம் கராஜ்களுக்குப் பழகியது. ஒருமுறை நின்று பார்த்தால் நல்ல வேலை எது என்று தெரிந்துவிடும். செஸிக்கும் தட்டின் சட்டத்துக்கும் நடுவே கடின மரக்கட்டை நீளமாக வைக்கப்பட்டிருக்கும், இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க. யூ வடிவ போல்ட்டுகள் இரண்டையும் சேர்த்து அணைத்துப் பிடிக்கும். செஸியின் மேல் விளிம்பில் துளை விழக்கூடாது. வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும். “தட்டைப் பிறகு மாத்தலாம் அண்ணே, செஸியில போட்ட ஓட்டைய மாத்த ஏலாது” என்றார் ஒரு வெல்டிங் பாஸ். துளை போட்டால் வேலை சுருக்காக முடியும். அப்படிச் சுருக்காக முடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

தட்டுக்கு எதிராகச் சொல்ல ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கெப்பின் விலை காணி விலை போல ஏறியது. வாங்க வருபவர் முதலில் கேட்பது ‘ஒரிஜினல் பொடியா?’ தொட்டியைக் கழற்றிய கெப்புக்கு அந்த இடத்திலேயே விலை விழும். பொடி மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழையும் மாற்ற வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓடுபவர்கள், விபத்து நடக்கிற அன்றைக்குத்தான் காப்புறுதிப் பத்திரத்தை விரித்து வாசிப்பார்கள்.

என்றாலும் என் வாக்கு தட்டுக்கே. சரக்கேற்றிப் பிழைக்கிற சிங்கிள் கெப்போ சிறு லொறியோ வைத்திருப்பவர் இரண்டு தரம் யோசிக்கத் தேவையில்லை. புத்தம்புது டபிள் கெப்பை வெள்ளவத்தை மாடிக்கு அடியில் நிறுத்துபவருக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். தொட்டிக்கு மூடியும் கூரையில் மடிக்கிற கூடாரமும் போதும். எதைச் செய்தாலும், கட்டி முடித்துத் தண்ணீர் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, எடைப்பாலம் உள்ள ஏதாவது களஞ்சியத்துக்கு ஒரு நடை போங்கள். முழு வண்டியை நிறுப்பதோடு விடாமல், பின்சில்லுகளை மட்டும் பாலத்தில் ஏற்றியும் ஒரு நிறை எடுங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள எடை வரம்பை அது தாண்டியிருந்தால், இறக்க வேண்டியதை அங்கேயே இறக்குங்கள். மாமியின் பலகாரம் கடைசியாக.

(அடுத்த வாரம்: கூரைக் கூடாரம்)