ஊர் வேலைகளுக்கான கேள்விப்பத்திரம்: நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

நீங்கள் ஊர் திரும்பிய பின்னர் உங்களைச் சுற்றிப் பல வேலைகள் தொடங்கும். வீதிக்குக் கிறவல் போடப்படும். பாடசாலைக்குக் கூரை மாற்றப்படும். பொதுக் கிணறு இறைத்துத் துப்புரவு செய்யப்பட்டு, கட்டுக் கட்டப்படும். இந்த வேலையைச் செய்ய வந்தவர் யார், அவரைத் தெரிவு செய்தது யார், எவ்வளவு பணம் என்பவை பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மாரி மழைக்குப் புதிய வீதி அள்ளுண்டு போன பிறகே கேள்வி எழுகிறது. அதற்குள் ஒப்பந்தகாரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விடக்கூடும்.

அரசாங்கப் பணத்தில் ஒரு பொருளை வாங்குவதற்கும் ஒரு வேலையைச் செய்விப்பதற்கும் எழுத்தில் விதிகள் உண்டு. இலங்கையில் இதனைப் ‘பெறுகை’ என்கிறோம். 2006ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பெறுகை வழிகாட்டிகள் இந்த நடைமுறையை விரிவாக வகுத்தன. விதிகளும் பண எல்லைகளும் காலத்துக்குக் காலம் திருத்தப்படும். அடிப்படை முறை பெரிதாக மாறுவதில்லை. அந்த முறையையும், எந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன கேட்கலாம் என்பதையும் கீழே தருகிறோம்.

ஏன் போட்டி வைக்கிறார்கள்?

இது பொதுமக்களின் பணம். நீங்கள் வாங்கும் சீமெந்திலும் சீனியிலும் உள்ள வரியும் இதற்குள் இருக்கிறது. ஆகவே அதிகாரி ஒருவர் தமக்குத் தெரிந்தவருக்கு வேலையைக் கொடுத்துவிட முடியாது. தகுதியுள்ள எல்லோருக்கும் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும். நியாயமான விலையில், உரிய காலத்தில், தரமான வேலை கிடைக்க வேண்டும். எடுத்த முடிவுக்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். போட்டி விலை கோருவதன் நோக்கம் இவைதான்.

வேலை எவ்வாறு வழங்கப்படுகிறது?

1. மதிப்பீடு. வேலையின் அளவு, பொருட்கள், செலவு என்பவற்றைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கணக்கிடுவார்.

2. அறிவித்தல். தேசிய மட்டப் போட்டியாயின் பத்திரிகையில் விளம்பரம் வரும். விலைமனுத் தயாரிக்க ஆகக் குறைந்தது 21 நாட்கள் கொடுக்கப்பட வேண்டும் என 2006 வழிகாட்டிகள் கூறின. சிறிய கொள்வனவுகளுக்குப் பல வழங்குநர்களிடம் விலை கேட்டு ஒப்பிடுவது போதுமானது.

3. ஒப்படைத்தல். விலைமனுக்கள் முத்திரையிட்ட உறையில், குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு முன் சேர வேண்டும். பிந்தி வரும் உறை திறக்கப்படாமலே திருப்பி அனுப்பப்படும்.

4. திறத்தல். நேரம் முடிந்ததும் உறைகள் உடனே திறக்கப்படும். விலை கேட்டவர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ அங்கே இருக்கலாம். ஒவ்வொருவருடைய பெயரும் விலையும் உரத்து வாசிக்கப்படும். அதன் பின் எவரும் தமது விலையை மாற்ற முடியாது.

5. மதிப்பிடுதல். ஒரு குழு விலைமனுக்களை ஆராய்ந்து சிபாரிசு செய்யும். முடிவு அறிவிக்கப்படும் வரை இந்தக் கட்டம் இரகசியமாக வைக்கப்படும். இந்த நாட்களில் அதிகாரி உங்களுக்கு விவரம் சொல்ல மறுத்தால், அவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ண வேண்டாம், விதியே அப்படித்தான்.

6. வழங்குதல். தெரிவானவருடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்படும். தெரிவாகாதவர் தமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கலாம்.

ஆகக் குறைந்த விலைக்கே வேலை கிடைக்குமா?

எப்போதும் அப்படியல்ல. ஓர் உதாரணம்: 600 மீற்றர் கிறவல் வீதிக்கு மூவர் விலை கேட்கிறார்கள். முதலாமவர் 42 இலட்சம், இரண்டாமவர் 45 இலட்சம், மூன்றாமவர் 51 இலட்சம் ரூபா. கேட்கப்பட்ட பிணை முறியை முதலாமவர் இணைக்கவில்லை. அவருடைய மனு நிராகரிக்கப்பட்டு, வேலை இரண்டாமவருக்குப் போகிறது. ‘காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள்’ என்று ஊரில் கதை பரவலாம். ஆனால் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களுள் குறைந்த விலை கேட்டவரைத் தெரிவு செய்வதே விதி. இந்த உதாரணத்தில் அது சரியாகவே நடந்திருக்கிறது.

மாறாக, கேள்விப்பத்திரத்தில் எழுதப்படாத ஒரு நிபந்தனையைப் பின்னர் கொண்டுவந்து ஒருவரை ஒதுக்கியிருந்தால் அது பிழை. போட்டியைத் தவிர்ப்பதற்காக ஒரே வீதியைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்து வேலை கொடுப்பதும் விதிக்கு முரணானது. அனர்த்தம் போன்ற அவசர நிலையில் போட்டியின்றி வேலை கொடுக்க இடமுண்டு. அப்போதும் அந்த அவசரம் என்ன என்பது பதிவில் இருக்க வேண்டும்.

சங்கத்தின் பெயரில் வேலை எடுக்கும்போது

சிறிய வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற மக்கள் அமைப்புகளுக்கு வழங்க வழிகாட்டிகள் இடமளிக்கின்றன. ஊரவருக்குக் கூலி கிடைப்பதும் ஊரவரே தரத்தைக் கவனிப்பதும் இதன் பயன்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வெளி ஒப்பந்தகாரர் ஒருவர் சங்கத்துக்குச் சிறு தொகையைக் கொடுத்து, அதன் பெயரில் வேலையைத் தாமே செய்வார். வேலை பிழைத்தால் பொறுப்பு கையொப்பமிட்ட தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் மீதே விழும். ஆகவே சங்கம் வேலை எடுப்பதாயின் அதைப் பொதுக் கூட்டத்தில் தீர்மானியுங்கள். மதிப்பீட்டின் பிரதியை எல்லோரும் பார்க்க வையுங்கள். வரவையும் செலவையும் அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். வெற்றுக் காசோலையில் கையொப்பமிட வேண்டாம்.

வேலை நடக்கும்போது

வேலைத்தளத்தில் பெயர்ப்பலகை இருந்தால் வேலையின் பெயர், தொகை, ஒப்பந்தகாரர், முடியும் திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிறவல் 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்று மதிப்பீட்டில் இருந்தால், அந்தளவு போடப்படுகிறதா என்று பார்க்கலாம். குறை கண்டால் வேலையாட்களுடன் வாக்குவாதப்பட வேண்டாம். திகதி, இடம், கண்ட குறை ஆகியவற்றை எழுதி, வேலையைக் கொடுத்த பிரதேச சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்குங்கள்.

இதை இறுதிக் கொடுப்பனவுக்கு முன் செய்வது முக்கியம். கட்டட, வீதி ஒப்பந்தங்களில் பணத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்படுவது வழமை. வேலை முடிந்த பின்னரும் ஒரு குறித்த காலத்துக்கு, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு, தோன்றும் குறைகளை ஒப்பந்தகாரரே திருத்த வேண்டும். முதல் மாரியில் வீதி உடைந்தால், ‘இனி என்ன செய்வது’ என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் காலம் முடியுமுன் எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் அங்கே கூலிக்குப் போனால், வேலை செய்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சம்பளம் தராவிட்டால் வேலையைக் கொடுத்த நிறுவனத்துக்கு அறிவியுங்கள். தொழில் அலுவலகத்திலும் முறையிடலாம்.

தகவல் கேட்பது எப்படி?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் தமிழில் விண்ணப்பிக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

‘எங்கள் வீதியைப் பற்றி எல்லாம் தாருங்கள்’ என்று கேட்காமல், வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள்:

• வேலையின் மதிப்பீடும் அளவுப் பட்டியலும்
• விலை கேட்டவர்களின் பெயர்களும் விலைகளும்
• ஒப்பந்தத் தொகையும் முடிவுத் திகதியும்
• இதுவரை கொடுத்த பணம், பிடித்து வைத்துள்ள பணம்

தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின்னர் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.

‘கேள்வி கேட்டால் அடுத்த உதவிப் பட்டியலில் என் பெயர் விடுபடும்’ என்ற பயம் பல குடும்பங்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரசைகளாக இருந்தால், உங்கள் சங்கமே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

இலஞ்சம் கேட்கப்பட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். கதையாகக் கேள்விப்பட்டதைச் சொல்லாமல், நீங்களே கண்டதையும் உங்களிடம் கேட்கப்பட்டதையும் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுத்திட்டப் பணம்

பயனாளியே கட்டும் வீட்டுத்திட்டத்தில் கொள்வனவு செய்பவர் நீங்கள்தான். இதற்குக் கேள்விப்பத்திரம் இல்லை. ஆயினும் அதே பழக்கம் உங்களுக்கும் உதவும். இரண்டு மூன்று கடைகளில் சீமெந்து, கம்பி, ஓடு என்பவற்றின் விலையை ஏற்றுகூலியுடன் சேர்த்து எழுதி வாங்குங்கள். மேசனுடன் பேசிய கூலியை எழுத்தில் வையுங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். ஒரு கட்டப் பணம் முழுவதையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு அரசுகளினதோ சர்வதேச அமைப்புகளினதோ பணத்தில் பெருமளவு தங்கி, மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களையும் இந்தச் சட்டம் உள்ளடக்குகிறது. எங்கள் பெயர்ப்பலகை உள்ள கிணற்றுக்கு எவ்வளவு செலவானது, யார் கட்டினார் என்று எங்களிடமும் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் கடமை.